அரியாலையில் 72 நாள்



உங்களில் எத்தனை பேர் யாழ்ப்பாணம் போயிருக்கிறீர்களோ, தெரியாது. கண்டி வீதி வழியாகப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு நாவற்குழிப் பாலம் தாண்டியதும் கடல்நீரேரியும் வெட்டவெளியுமாகச் செம்மணி வரும். பிறகு யாழ்ப்பாணத்துக்கு வரவேற்கும் வளைவு. அதைக் கடந்தால் பனைகளும் வேலிகளும் கிணறுகளுமாக ஒரு ஊர் தொடங்கும். அதுதான் அரியாலை. நல்லூருக்குக் கிழக்கே, நகரத்தின் வாசற்படி போல இருக்கிறது. ஆனால் வாசற்படியில் யார் உட்காருகிறார்கள்? எல்லோரும் தாண்டித்தான் போகிறார்கள். நானும் தாண்டிப் போகத்தான் நினைத்தேன்.

நான் காயல்பட்டினத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் 31 வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். கணவர் மவ்த்தாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் இலங்கையோடு தொடர்பில்லாத வீடு குறைவு. என் வாப்பாவின் வாப்பாவும் அங்கே வியாபாரம் செய்தவர்தான். சிறு வயதில் எங்கள் வீட்டில் அடிக்கடி காதில் விழுந்த இரண்டு பெயர்கள் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவும் புத்தளமும். அவ்விரண்டையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று 2020 மார்ச்சில் கிளம்பினேன். பள்ளிப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது போன்ற முதுகுப்பை ஒன்று. அதில் நான்கு உடுப்பு, ஒரு முஸல்லா, மருந்து மாத்திரை. "துணையில்லாமல் தனியாகவா?" என்று முகம் சுளிக்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். என் மகனும் அதைத்தான் கேட்டான். அவனுக்கும் சரியான பதில் என்னிடம் இல்லை.

அப்போது சென்னையிலிருந்து பலாலிக்குச் சிறிய விமானம் ஓடிக்கொண்டிருந்தது. 2019 நவம்பரில் தொடங்கிய சேவை. மார்ச் இரண்டாம் வாரம் அதில் போய் இறங்கினேன். சோனகத் தெருவைப் பார்த்தேன். பள்ளிவாசல்கள், ஒஸ்மானியா கல்லூரி, ஜின்னா மைதானம். திரும்பி வந்து குடியிருக்கும் வீடுகளுக்கு நடுவே கூரையில்லாமல் நிற்கும் வீடுகள். முற்றத்தில் மரம் முளைத்த ஒரு வீட்டின் வாசலில் வெகுநேரம் நின்றேன். 1990 அக்டோபர் 30 அன்று, இரண்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, நகைகளையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு அனுப்பிய தெரு அது. அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமாக வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் போய்த் தங்கிய ஊர்தான் புத்தளம். கொஞ்ச நாள் என்று நினைத்துப் போனவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து, கலியாணம் முடித்து, பேரன் பேத்தியும் கண்டுவிட்டார்கள்.

அந்தப் புத்தளத்துக்குப் போவதற்குள் உலகம் பூட்டிக்கொண்டது. விமானம் நின்றது. நான் தங்கியிருந்த விடுதியில் வெளிநாட்டு ஆட்களை இனி வைத்திருக்க முடியாது என்று பணிவாகச் சொல்லிவிட்டார்கள். மார்ச் 20, வெள்ளிக்கிழமை. மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு. பஸ் நிலையத்தில் அலைந்து, வவுனியா போகும் பஸ் ஒன்றில் ஏறிவிட்டேன். அங்கிருந்து எப்படியாவது புத்தளம் போய்விடலாம் என்பது என் கணக்கு. அரியாலையில் டயர் வெடித்தது. மாற்று டயர் இல்லை. உள்ளூர்க்காரர்கள் இறங்கி நடந்துவிட்டார்கள். மற்றவர்கள் போனில் ஆளை வரவழைத்துப் போய்விட்டார்கள். மணி நாலரை. தெருவோரம் முதுகுப்பையோடு நான் மட்டும் நின்றேன்.

ஒரு வேலிப் படலைக்குள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். "எங்கை போறியள்?" என்றாள். புத்தளம் என்றேன். "இண்டைக்கோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு நான் அழப்போகிறேன் என்று தெரிந்ததோ என்னவோ, படலையை அகலத் திறந்தாள்.

அவளை நான் தங்கச்சி என்பேன். அவள் என்னை ரீச்சர் என்பாள். பெயர் வேண்டாம். அவள், அவளுடைய தாய், பதினாறு வயது மகன், மூன்று பேர் கொண்ட வீடு. கணவன் வெளிநாட்டில். அந்தத் தாயைப் பற்றித்தான் உங்களுக்கு நிறையச் சொல்ல வேண்டும்.

விருந்தாளிக்குரிய உபசரிப்பு மூன்று நாள், அதற்கு மேல் கொடுப்பது ஸதகா என்று நம் மார்க்கம் சொல்வதை அறிவீர்கள். 1344ஆம் ஆண்டு மாலத்தீவிலிருந்து மஃபருக்குக் கிளம்பிய இப்னு பதூதாவைக் காற்று திசை திருப்பி இலங்கைக் கரையில் ஒதுக்கியபோது, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவரைப் புத்தளத்தில் வரவேற்று மூன்று நாள் விருந்து வைத்ததாகத்தான் அவரும் எழுதுகிறார். பிறகு பல்லக்கும் ஆட்களும் கொடுத்துப் பாவா ஆதம் மலைக்கு அனுப்பி வைத்தார் மன்னர். எனக்குப் பல்லக்கு எங்கே? மூன்றாம் நாள் முடிந்தபோது நான் போவதற்கு வழியே இல்லை.

வழியில்லாதது மட்டுமல்ல. அந்த நாட்களில் யாழ்ப்பாணம் முழுவதும் பயந்து பார்த்த ஊரே அரியாலைதான்! மார்ச் 15ஆம் தேதி சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஒரு போதகர் இங்கே ஆராதனைக் கூட்டம் நடத்திவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். அவருக்குத் தொற்று என்று பிறகு தெரிந்தது. கூட்டத்துக்குப் போனவர்களைத் தேடித் தேடித் தனிமைப்படுத்தினார்கள். அந்த வார இறுதியிலேயே யாழ்ப்பாணத்தின் முதல் நோயாளியும் உறுதியானார். "அரியாலையோ?" என்று கேட்டால் காய்கறி வண்டிக்காரரும் இரண்டு அடி பின்னால் போவார்.

கிராம சேவகரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்தவள் என்பதால் 14 நாள் வெளியே போகக் கூடாது என்று வாசலில் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார்கள். நான் மட்டுமல்ல, அந்த வீடே போகக் கூடாது. எனக்குத் தலை நிமிரவில்லை. வழியில் கண்ட ஒருத்திக்குத் தண்ணீர் கொடுத்த பாவத்துக்கு ஒரு குடும்பமே சிறை! கையில் இருந்த பணத்தை எடுத்துத் தங்கச்சியிடம் நீட்டினேன். அவளுடைய தாய் கதிரையில் இருந்தபடியே, "பிள்ளை, காசை உள்ளுக்கு வையும். ஷெல்லடிக்கேக்கை பங்கருக்குள்ளை வாற ஆக்களிட்டை நாங்கள் வாடகை வாங்கேல்லை" என்றார். அதற்குப் பிறகு நான் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. அரிசி மூட்டைக்கும் மீனுக்கும் மட்டும் மகன் வழியாகக் கள்ளத்தனமாகக் கொடுத்துவந்தேன்.

எனக்கென்று ஒதுக்கிய அறையில் முருகன் படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்கியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் லுஹர் தொழ நின்றபோது அது அங்கே இல்லை. நன்றியாக இருந்தது, கூடவே கூச்சமாகவும் இருந்தது. தன் வீட்டுச் சுவரில் தன் சாமியை மாட்டுவதற்கு ஒருத்தி எனக்காக யோசிக்க வேண்டுமா? சாப்பாட்டுக்கு மட்டும் கஷ்டமே இல்லை. நான் இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடல்நீரேரி பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்கு அரியாலைப் பக்கத்திலிருந்து றாலும் நண்டும் வரும். ஒடியல் மாவில் மீனும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டு ஒரு கூழ் காய்ச்சுவார்கள், சகோதரிகளே! புளியும் உறைப்புமாக அதைப் பிளாவில் ஊற்றிக் குடிக்க வேண்டும். பிளா என்றால் பனையோலையில் மடித்த கிண்ணம். நம் பக்கத்துச் சமையலில் இதற்கு ஈடு சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 30ஆம் தேதி இரவு வானொலியில் ஒரு செய்தி. நீர்கொழும்பில் தொற்றால் இறந்த ஒரு முஸ்லிமின் மையித்தை, குடும்பத்தார் மன்றாடியும், எரித்துவிட்டார்கள். அடக்குவதாலும் ஆபத்தில்லை, எரிப்பதாலும் ஆபத்தில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தது. இருந்தும் ஏப்ரல் 11ஆம் தேதி, எரிப்பது கட்டாயம் என்று அரசிதழிலேயே அறிவித்தார்கள்.

எனக்கு நீரிழிவு உண்டு. வயதும் 58. அன்றிலிருந்து எனக்கு நோயைப் பற்றிய பயமே போய்விட்டது. அதற்குப் பின்னால் என்ன நடக்கும் என்ற பயம்தான். குளிப்பாட்ட ஆளில்லை, கஃபன் இல்லை, தொழுகை இல்லை. சாம்பலைக் கூட மகன் கையில் யார் கொடுப்பார்கள்? இரவில் சாதாரண இருமல் வந்தாலும் தலையணையில் வாயைப் பொத்திக்கொள்வேன்.

ஒரு நாள் கிணற்றடியில் உட்கார்ந்து இதை அந்தத் தாயிடம் சொல்லிவிட்டேன். "அம்மா, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் எரிக்க விடாதீர்கள்" என்று கேட்டேன். அவர் கையில் என்ன இருக்கிறது, பாவம்! இருந்தாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. வாளியைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எரிச்சுப்போடுவினமோ எண்டு பயம்" என்றார். "எங்களுக்கு எரிக்கிறதுக்கு ஒண்டுமே தரேல்லைப் பிள்ளை."

அவருடைய தம்பியின் கதையை அன்றுதான் கேட்டேன். 1995 அக்டோபர் 30 அன்று, இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரத்தையும் வலிகாமத்தையும் விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் அறிவித்தார்கள். பல லட்சம் சனம். இதே கண்டி வீதியில், மழையில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஓர் இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார்கள். முதியவர்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்களாம். 1996இல் திரும்பி வந்தபோது ஊர் இராணுவத்தின் கையில் இருந்தது. அந்த வருடம் ஒரு நாள் கடைக்குப் போன தம்பி திரும்பவில்லை. முகாம் முகாமாகக் கேட்டார்கள். எங்களிடம் இல்லை என்ற பதில் ஒன்றுதான் கிடைத்தது.

அதே 1996 செப்டம்பர் 7ஆம் தேதி நடந்தது உலகத்துக்கே தெரியும். சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி, பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் கைதடிக்குத் திரும்பும்போது செம்மணிச் சோதனைச் சாவடியில் பிடித்து வைக்கப்பட்டாள். தேடிப்போன தாயும், தம்பியும், பக்கத்து வீட்டுக்காரரும் திரும்பவில்லை. நான்கு பேரும் கொன்று புதைக்கப்பட்டிருந்தார்கள். மகள் வரவில்லையே என்று படியிறங்கிய தாயை நினைத்துப் பாருங்கள். நாம் போகாமல் இருந்திருப்போமா? அந்த வழக்கில் 1998இல் தண்டனை பெற்ற இராணுவத்தினரில் ஒருவர், செம்மணியில் இன்னும் 300, 400 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. அத்தோடு நின்றுவிட்டது.

"அந்தப் பதினைஞ்சிலை அவன் இல்லை" என்றார் அந்தத் தாய்.

பிறகு அவரே சோனகத் தெருவைப் பற்றி எடுத்தார். நான் கேட்கவில்லை. சின்ன வயதில் தகப்பனோடு அங்கே போய்த் துணி எடுத்ததும், நோன்பு காலத்தில் ஒரு வீட்டிலிருந்து கஞ்சி வந்ததும் சொன்னார். "தொண்ணூறாம் ஆண்டு உங்கட ஆக்களை அனுப்பேக்கை நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. பயம். பயம் எண்டு மட்டும் சொல்லேலாது, எங்களுக்கில்லைத்தானே எண்டும் இருந்தது. அதுவும் ஒக்டோபர் முப்பது. எங்களைக் கலைச்சதும் ஒக்டோபர் முப்பது. அஞ்சு வருசம். நான் மறக்கேல்லை."

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மன்னிக்க நான் யார்? என் வீட்டுக் கூரையா போனது? புத்தளத்துக் கொட்டிலில் பிள்ளை பெற்றவள் அல்லவா அதைச் சொல்ல வேண்டும். வாளியை வாங்கி நான் இரண்டு முறை தண்ணீர் அள்ளினேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் பிற்பகுதியில் பகலில் ஊரடங்கு தளர்ந்தது. வெளிநாட்டவரின் விசாவை அரசே நீட்டித்துக்கொண்டு வந்ததால் அந்தக் கவலை இல்லை. 25ஆம் தேதி நோன்பு தொடங்கியது. அரியாலையில் பாங்கு கேட்காது. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையைத் தங்கச்சியின் மகன் பிடித்துக் கொடுத்தான். பழைய வானொலியில் பாங்குச் சத்தம் வரும்போது அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். பேரீச்சம்பழம் கிடைக்கவில்லை. பனங்கட்டிக் குட்டான் என்று ஒன்று இருக்கிறது. சிறிய ஓலைப் பெட்டிக்குள் ஊற்றி இறுக வைத்த கருப்பட்டி. அதில் ஒரு துண்டும் கிணற்றுத் தண்ணீருமாக 29 நோன்பு திறந்தேன். கஞ்சி நானே காய்ச்சினேன். முதல் நாள் தாய்க்கு ஒரு பேணியில் கொடுத்தபோது குடித்துப் பார்த்துவிட்டு, "அந்த வீட்டுக் கஞ்சியிலை இஞ்சி கூட" என்றார். அறுபது வருடத்துக்கு முந்திய கஞ்சி! மறுநாள் இஞ்சியைக் கூட்டினேன். ஸஹருக்கு எழுப்புவதும் அவர்தான். கடிகாரம் வேண்டியதில்லை, வயதானவர்களுக்குத் தூக்கம் ஏது?

மே 24 அன்று பெருநாள். அறைக்குள் தனியாகத் தொழுதேன். வெளியே வந்தால் தங்கச்சி ஒரு சேலையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். புதுசு இல்லை, அவளுடையதுதான், துவைத்து மடித்தது. கடைகள் சரியாகத் திறக்காத காலம். பெருநாளுக்கு மாற்று உடுப்பு வேண்டுமே என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ!

இந்தியர்களை ஏற்றிப்போக ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பல் கொழும்புக்கு வருகிறது என்று யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகத்திலிருந்து போன் வந்தது. அனுமதிச் சீட்டோடு மே 31 காலை ஒரு வேனில் கிளம்பினேன். 72 இரவுகள் அந்த வீட்டில் படுத்திருக்கிறேன். புறப்படும்போது தாய் எழுந்து நின்று, "போட்டு வாங்கோ" என்றார். போய் வருகிறேன் என்று சொல்ல வேண்டுமாம். போகிறேன் என்று சொல்லக் கூடாதாம். நம் வீடுகளிலும் அப்படித்தானே.

வேன் புத்தளம் வழியாகத்தான் போனது. எதைப் பார்க்க வீட்டை விட்டுக் கிளம்பினேனோ அந்த ஊரைக் கண்ணாடி வழியாகப் பத்து நிமிடம் பார்த்தேன். இறங்க அனுமதி இல்லை. ஜூன் 1ஆம் தேதி கப்பல் புறப்பட்டது, மறுநாள் தூத்துக்குடி. அல்ஹம்துலில்லாஹ், எங்கள் ஊர் அங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை.

அந்த எரிப்புச் சட்டம் எளிதில் போகவில்லை. டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு பச்சைக் குழந்தையையும் எரித்தார்கள். கொழும்பு மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டி அழுதார்கள். 2021 பிப்ரவரியில்தான் அடக்க அனுமதித்தார்கள். மார்ச்சிலிருந்து கிழக்கே ஓட்டமாவடியில் இடம் கொடுத்தார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அது என்ன ஆறுதலோ!

அந்தத் தாய் 2023இல் காலமானார். முதுமைதான். அரியாலைச் சித்துப்பாத்தி மயானத்தில் பேரன் கொள்ளி வைத்தான் என்று தங்கச்சி போனில் அழுதாள். 2025 பிப்ரவரியில் அதே சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடை கட்ட மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற உத்தரவில் முறைப்படி தோண்டினார்கள். செப்டம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். ஒரு சிறு குழந்தையின் எலும்புகளோடு நீல நிறப் புத்தகப் பை இருந்தது. பொம்மை இருந்தது. தன் தம்பிக்காக இருபத்தேழு வருடம் காத்திருந்த அந்தத் தாயை எரித்த அதே நிலத்தில்!

கிடைத்த உடுப்புகளையும் பொருட்களையும் உறவினர்கள் அடையாளம் காட்டுவதற்காக ஆகஸ்ட் 5ஆம் தேதி பார்வைக்கு வைத்தார்கள். தங்கச்சி போயிருக்கிறாள். இரவு என்னோடு பேசினாள். "மாமாவின்ரை சேர்ட் எனக்கு நினைவிருக்கு ரீச்சர், நீலக் கோடு. அங்கை வைச்சிருந்ததிலை அது இல்லை. அம்மா இருந்தா இல்லையெண்டு சந்தோசப்படுவாவோ, அழுவாவோ தெரியேல்லை."

நானும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தோம். பிறகு அவள், "எப்ப வாறியள்?" என்றாள்.

இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானமும் 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கிவிட்டது. இன்ஷா அல்லாஹ், அடுத்த நோன்புக்கு முன்னால் போக வேண்டும். முதலில் புத்தளம் என்று மகன் சொல்கிறான். நான் அரியாலை என்கிறேன். முதுகுப்பையில் இந்த முறை பேரீச்சம்பழம் இரண்டு பெட்டி வைத்திருக்கிறேன்.